கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாற ஏஜென்சியிடம் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கலிபோர்னியாவில் பிள்ளையை முதலில் இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்து, அதன் பிறகு யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றுக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இதற்கென்று ஒரு தனியார் ஏஜென்சியிடம் பணம் கட்டியதில் எங்கள் மகளுக்கு ஒரு முழு வருடம் போய்விட்டது. அதே ஆட்கள் இன்னும் நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் வழி நல்ல வழிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாநிலத்தில் 116 காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 2012-லிருந்து அதே கட்டணம். ஐந்து யூனிட் பாடம் 230 டாலரில் முடிகிறது. ஆனால் இங்கே எடுக்கும் எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடாகும் என்ற கணக்கு காலேஜுக்குக் காலேஜ், வளாகத்துக்கு வளாகம், மேஜருக்கு (முதன்மைப் பாடப்பிரிவுக்கு) மேஜர் மாறும். புதிதாக இந்த நாட்டுக்கு வந்த குடும்பத்துக்கு அது தலைசுற்ற வைக்கும். இவர்கள் பிழைப்பு நடப்பதே அதை வைத்துத்தான்.

மகள் 2023-ல் சேர்ந்தாள். கணினி அறிவியலில் யூசிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஏஜென்சியை நடத்துபவர் நம் ஊர்க்காரர். "உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி அக்கா, எங்ககிட்ட விட்டுடுங்க, நீங்க கவலையே படாதீங்க" என்றார். கட்டணம் 3,500 டாலர், முழுதும் முன்பணம். கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்களாம், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று இப்போது புரிகிறது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் புகார் கொடுத்துத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஸெல்லில் நாமே அனுப்பிய பணத்தை மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஒரு வாரத்தில் எக்செல் தாள் ஒன்று வந்தது. நான்கு செமஸ்டருக்கும் பாடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை டிக், "யூசி டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்ற குறிப்பு. பார்க்க அவ்வளவு நேர்த்தி. மகளும் அந்தத் தாளில் இருந்தபடியே ஒவ்வொரு பாடமாக எடுத்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

மோசடி அந்தப் பச்சை டிக்கில்தான் இருந்தது. ஒரு பாடத்தை யூசி ஏற்றுக்கொள்கிறது என்றால் அதன் யூனிட்டுகள் உங்கள் மொத்தக் கணக்கில் சேரும், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். அந்த 60-ஐ எட்ட அது உதவும். நீங்கள் கேட்கும் வளாகத்தில், நீங்கள் கேட்கும் மேஜருக்கு, அவர்கள் கட்டாயம் என்று சொல்லும் பாடத்துக்கு அது ஈடா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த டிக் பதில் சொல்லாது.

பிசிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலேஜில் இரண்டு பிசிக்ஸ் வரிசைகள் உண்டு. 2ஏ, 2பி என்பது அல்ஜீப்ரா அளவில் நிற்பது, உயிரியல் பக்கம் போகும் பிள்ளைகள் எடுப்பது. 4ஏ, 4பி, 4சி என்பது கால்குலஸை வைத்து நடத்துவது, பொறியியல் பிள்ளைகளுக்கானது. இரண்டையுமே யூசி ஏற்கிறது. மகள் போக நினைத்த மேஜருக்கு வேண்டியது 4-ம் வரிசை. தாளில் இருந்தது 2-ம் வரிசை. அதிலும் 4ஏ முடித்தால்தான் 4பி, அதை முடித்தால்தான் 4சி. மூன்று செமஸ்டர் வேண்டும், கடைசி நேரத்தில் அவசரமாக முடிக்க வழியே இல்லை. இன்னொரு கொடுமை, இரண்டு வரிசையையும் எடுத்தால் யூசி இரண்டுக்கும் முழு யூனிட் தராது. ஒன்றையொன்று தொடும் பாடங்கள் என்று குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும்.

நிரலாக்கத்திலும் அதே கதை. பைதான் அறிமுகம், வலைப்பக்க வடிவமைப்பு என்று இலகுவான பாடங்களாகத் தாளில் போட்டிருந்தார்கள். கணினி அறிவியலுக்கு அடித்தளமான டிஸ்கிரீட் மேத்ஸ் தாளிலேயே இல்லை. அதற்குப் பதிலாக, எந்த மேஜராக இருந்தாலும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களை முழுதாக முடிக்க வைத்திருந்தார்கள். பொறியியல், கணினி மாதிரி யூனிட் அதிகம் கேட்கும் மேஜர்களுக்குப் பொதுக்கல்வியை விட மேஜர் பாடங்களை முதலில் முடியுங்கள் என்று யூசியே சொல்கிறது.

இது தெரிய வந்தது 2025 ஜனவரியில். நவம்பரில் விண்ணப்பித்தவர்களிடம் யூசி ஜனவரியில் மதிப்பெண்களையும் பாடங்களையும் புதுப்பிக்கச் சொல்லும். அதில் ஒரு சந்தேகம் கேட்க மகள் காலேஜின் டிரான்ஸ்ஃபர் சென்டருக்குப் போனாள், நானும் கூடப் போனேன். கவுன்சிலர் அம்மா கணினியில் அசிஸ்ட் (ASSIST) என்ற இணையதளத்தைத் திறந்தார். எங்கள் காலேஜ், அவள் கேட்ட வளாகம், கல்வியாண்டு, மேஜர் என்று தேர்ந்தெடுத்தார். இரண்டு பத்தியாகப் பக்கம் வந்தது. ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், எதிரே எங்கள் காலேஜில் அதற்கு ஈடான பாடம். மகளின் மார்க் ஷீட்டை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பேனா முனையால் தொட்டுக்கொண்டே வந்தார். கால்குலஸ் சரி. அடுத்தது சரி. பிசிக்ஸ் வரியில் பேனா நின்றுவிட்டது. "இந்தத் திட்டத்தை யார் போட்டுக் கொடுத்தது?" என்று கேட்டார்.

அவர் காட்டிய அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்கள், கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், யூசி மூன்றுக்கும் அதிகாரப்பூர்வமான பதிவு அதுதான். 3,500 டாலர் வாங்கியவர் அதை ஒரு முறை திறந்திருந்தாலே போதும்.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "மேடம், நாங்க கொடுத்த எல்லா கோர்ஸும் யூசி டிரான்ஸ்ஃபர் ஆகுற கோர்ஸ்தானே? இதுல எங்க தப்பு என்ன?" அக்கா அன்றோடு மேடம் ஆகிவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இது ஆலோசனை மட்டுமே, முடிவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஏப்ரலில் முடிவு வந்தது, கணினி அறிவியலில் இடம் இல்லை. மகள் இன்னொரு வருடம் அதே காலேஜில் இருந்து 4-ம் வரிசை பிசிக்ஸ் படிக்க வேண்டியதாயிற்று. கூடச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய ஆகஸ்டில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவர்கள் சொன்ன வேறு சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவற்றை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யூசியின் பெர்க்லி வளாகத்துக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்கும் "உறுதியான அட்மிஷன்" வாங்கித் தருவோம் என்றார்கள். டேக் எனப்படும் உறுதிச் சேர்க்கைத் திட்டம் டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில்தான் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவில் இல்லை. அந்த ஆறிலும் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், எல்லா மேஜருக்கும் அது செல்லாது. சான்டா பார்பராவில் கணினி அறிவியல் பொறியியல் கல்லூரிக்குள் வருகிறது, அந்தக் கல்லூரிக்கு டேக் கிடையாது. மாணவர் தானே செப்டம்பர் 1 முதல் 30-க்குள் இலவசமாக விண்ணப்பிக்கலாம். இதில் ஏஜென்சி செய்ய என்ன இருக்கிறது?

அதைவிட மோசமானது இன்னொன்று. மகள் ஒரு கோடையில் வேறொரு காலேஜில் எடுத்த ஸ்டாட்டிஸ்டிக்ஸில் டி கிரேடு (குறைந்த மதிப்பெண்) வாங்கியிருந்தாள். அந்தக் காலேஜையே விண்ணப்பத்தில் காட்ட வேண்டாம் என்றார் ஏஜென்சிக்காரர். விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்டார். நாங்கள் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. படித்த எல்லாக் காலேஜையும் யூசிக்குக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தது பிறகு தெரிந்தால் கிடைத்த இடத்தையே ரத்து செய்வார்கள். அப்போது மாட்டுவது பிள்ளைதான். ஆலோசனை சொன்னவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் நேராகக் கம்யூனிட்டி காலேஜுக்கு வரும் பிள்ளைகளையும் இவர்கள் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு 46 டாலர் கட்டணம் பொருந்தாது, பல மடங்கு அதிகம். யூசிக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) மாநிலவாசிகளுக்கு 2.4, வெளியாட்களுக்கு 2.8. விசா விதிப்படி இவர்கள் முழுநேரம் படிக்க வேண்டும், அந்தக் கணக்குக்கு ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் சேர்க்கலாம். "வீட்டிலிருந்தே எல்லாம் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளையின் விசாவுக்கே ஆபத்து.

கிரெடிட், அதாவது படித்த யூனிட், வீணாவது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2004-க்கும் 2009-க்கும் இடையே கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்டை இழந்தார்கள் என்று அமெரிக்க மத்திய அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-ல் மதிப்பிட்டது. கலிபோர்னியாவில் இதைச் சரிசெய்யச் சட்டங்களும் வந்திருக்கின்றன. எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒரே மாதிரி பாட எண் கொண்டுவர 2021-ல் சட்டம் போட்டார்கள். டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களுக்கான பொதுக்கல்விப் பாடப் பட்டியலாக ஐஜெட்சி இருந்த இடத்தில் 2025 இலையுதிர் காலத்திலிருந்து கால்-ஜெட்சி என்ற புதுப் பட்டியல் வந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் அது பொதுக்கல்விக்கு. மேஜர் பாடத்தை இப்போதும் வளாகம் வளாகமாகத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. முதல் செமஸ்டரிலேயே காலேஜ் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, கல்வித் திட்டத்தை எழுத்தில் போட்டு வாங்குங்கள். அது இலவசம். போகும்போது பிள்ளை நினைக்கும் மூன்று நான்கு வளாகங்களின் அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். கவுன்சிலரிடம் "இது டிரான்ஸ்ஃபர் ஆகுமா" என்று கேட்காதீர்கள். "இந்த வளாகத்தில், இந்த மேஜரில், எந்தப் பாடத்துக்கு ஈடு?" என்று கேளுங்கள். ஈடான பாடம் இல்லை என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தால் வேறு காலேஜில் அது கிடைக்கிறதா என்று பாருங்கள், ஆனால் ஒரு வரிசையைப் பாதியில் உடைத்து இரண்டு காலேஜில் எடுக்க வேண்டாம். யூஎஸ்சி மாதிரி தனியார்ப் பல்கலைக்கழகங்கள் அசிஸ்டில் இல்லை, அவர்கள் பட்டியலை அவர்கள் தளத்திலேயே பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். கலிபோர்னியாவில் தனிநபர்கள் 12,500 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். நாங்கள் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசியில் புகார் பதிந்துவிட்டோம், சிறு வழக்குக்கும் தாள்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. அதே பச்சை டிக் போட்ட எக்செல் தாள் உங்களுக்கும் வந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், தேதியோடு ஒரு பிரதி அனுப்புங்கள். பல குடும்பங்களுக்கு ஒரே தாளைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் எங்கள் வழக்குக்கும் உங்கள் வழக்குக்கும் அது பலம்.