மழைக்கு ஒரு சேடில், பனிக்கு ஒரு சேடில்: நீலகிரி பிளாக்வுட் கிட்டார்

கோத்தகிரியில் கிட்டார் வைத்திருப்பவனுக்கு ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா பெருமளவு மறித்துக்கொள்வதால் எங்களுக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்துதான் வருகிறது. அது வந்துவிட்டால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியேறும், கம்பிகள் துருவேறும், பெட்டியின் உள்துணியில் பூஞ்சணம் படரும், கிட்டாரின் மேற்பலகை உப்பிக் கம்பிகளை மேலே தூக்கிவிடும். இரண்டு கிட்டார்களை இப்படிப் பறிகொடுத்த பிறகு, கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றில் நீலகிரி மரத்தாலேயே ஒன்று செய்யச் சொல்லி வாங்கினேன். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு முழு மழையும் ஒரு முழுப் பனியும் கடக்கட்டும் என்று காத்திருந்துதான் இதை எழுதுகிறேன். பட்டறைக்காரர் ஆண்டுக்கு நாலைந்து கருவிகளுக்கு மேல் செய்வதில்லை என்பதால் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முதுகுக்கும் விலாவுக்கும் போட்டிருக்கும் மரம் ஆஸ்திரேலிய பிளாக்வுட், தாவரவியல் பெயர் அகேசியா மெலனோசைலான். நீலகிரியில் இதைப் பார்க்காதவர் இல்லை. பெயர் சொல்லித் தெரிந்தவர்தான் குறைவு. சீகை என்று பொதுவாகச் சொல்லி அடுப்பில் வைத்துவிடுகிறோம். கன்றாக இருக்கும்போது இலை வேலமரத்து இலைபோலச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். வளர வளர அவை மறைந்து, காம்பே தட்டையாக விரிந்து இலையின் வேலையைச் செய்யத் தொடங்கும். ஹவாய்த் தீவுகளின் கோவா மரத்துக்கு இது நெருங்கிய உறவு. மெல்போர்னில் 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேட்டன் நிறுவனம் தன் கிட்டார்கள் பலவற்றில் இந்த மரத்தைத்தான் பயன்படுத்துகிறது. கிட்டாருக்கு வழக்கமாகப் போடும் ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் 2017 ஜனவரியில் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவந்ததும், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல்தான் விலக்குக் கிடைத்ததும், கிட்டார் செய்பவர்களை வேறு மரங்களின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன.

எனக்கு இந்த மரத்தோடு வேறொரு கணக்கும் உண்டு. விறகுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரங்களும், தோல் பதனிடும் பட்டைக்காகப் பின்னர் வனத்துறை பரப்பிய சீகையும் நீலகிரியின் புல்வெளியை விழுங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் சதுப்புநிலப் புல்லும் எருமைகளுக்கான மேய்ச்சலும் இந்தப் புல்வெளியைச் சேர்ந்தவையே. பழனி மலையில் மட்டும் நாற்பதாண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. மரம் இல்லாத இடமெல்லாம் வெற்றிடம் என்று நினைத்தவர்கள் செய்த வேலை இது. இன்றும் புல்வெளியில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எனவே வெட்ட வேண்டிய ஒரு மரம் விறகாகாமல் கருவியானால் நல்லதுதானே என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த எண்ணத்துக்காகக் கிட்டாருக்குக் கூடுதல் மதிப்பெண் போடப்போவதில்லை.

பலகை குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும் என்பதால், அந்தத் தாளின் நகலையும் பட்டறைக்காரர் காட்டினார். அறுத்த பலகையை மலையிலேயே காயவைக்காமல் சமவெளிக்கு இறக்கி மூன்று கோடைகள் அடுக்கி வைத்திருந்ததுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். கோத்தகிரிக் காற்றில் எத்தனை ஆண்டு வைத்தாலும் மரத்தின் ஈரம் கிட்டாருக்கு வேண்டிய அளவுக்கு இறங்காது. நான் அவசரப்படுத்தியபோது, “மரம் காயறதுக்குள்ள கை வெச்சா அப்புறம் பொட்டி வாயப் பொளந்துக்குமுங்க” என்றார். நான்கு மாதத்தில் தருவதாகச் சொன்னவர் ஏழாம் மாதத்தில் தந்ததற்கும் இதுவே காரணமா என்றால், பாதிதான் என்பேன். அலைபேசியை எடுக்கும் பழக்கம் அவருக்கு அறவே இல்லை.

இனி ஒலிக்கு வருகிறேன். மேற்பலகை இறக்குமதியான சிட்கா ஸ்ப்ரூஸ் மரம், விரற்பலகை ஈட்டி. என்னிடம் முன்பு இருந்த ஈட்டி மரக் கிட்டாரில் அடிநாதம் ரவை வைத்த மிருதங்கத் தொப்பிபோல விரிந்து, கம்பியை விட்ட பின்னும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். பிளாக்வுட்டில் அடிநாதம் வந்து தன் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. நடுச்சுரங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. பாடுபவருக்குத் துணையாக வாசிக்கும்போது குரலை மூழ்கடிக்காத இந்த அடக்கம் பெரிய வரம். கல்யாண வீட்டில் படுகர் ஆட்டப் பாட்டுக்கு வாசித்தபோது தாளத்தின் ஒவ்வொரு தட்டும் பிசிறில்லாமல் விழுந்தது. மேல்கம்பி இரண்டும் முதல் நான்கு மாதம் இறுக்கமாக, கொஞ்சம் கீச்சென்று ஒலித்தன. இப்போது இளகியிருக்கின்றன, ஆனாலும் நான் ஆசைப்பட்ட இனிமை இன்னும் வரவில்லை. தனியாக மெதுவாக மீட்டி, நாதம் நீண்டு நிற்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும்.

நான் அஞ்சியபடியே ஐப்பசியில் மேற்பலகை உப்பியது. வீட்டு ஈரமானி 88 சதவீதம் காட்டிய வாரத்தில், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 2.2 மில்லிமீட்டராக இருந்த கம்பி உயரம் 3 மில்லிமீட்டராகிவிட்டது. பலரும் இந்நேரத்தில் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். அது கழுத்தின் வளைவைத்தான் சரிசெய்யுமே தவிர, உப்பிய பலகையை இறக்காது, தேவையில்லாமல் திருகினால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையத் தொடங்கும். பட்டறைக்காரர் முன்யோசனையோடு எலும்பில் இரண்டு சேடில் (கம்பிகளை அடியில் தாங்கும் துண்டு) செதுக்கித் தந்திருந்தார்: தாழ்ந்தது மழைக்கு, உயர்ந்தது தை மாதப் பனிக்கு. உறைபனிக் காலத்தின் வறண்ட காற்றில் பலகை அமுங்கிக் கம்பி தாழும்போது உயர்ந்ததை மாற்றிக்கொள்ளலாம். கம்பிகளைத் தளர்த்தி மாற்றிச் சுருதி சேர்க்கக் கால்மணி நேரம் போதும். இவ்வளவு எளிய தீர்வைப் பெரிய கடைகளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை என்பதுதான் ஆற்றாமை.

ஈரம் உறிஞ்சும் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருவழியாக ஈரத்தைச் சமன்செய்வதாக விற்கப்படும் பைகள் எங்கள் மழையில் மூன்றே வாரத்தில் நிரம்பி உப்பிவிட்டன. நிறம் மாறும் சிலிக்கா மணிகளைத் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் போட்டு, நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் போடுவதே மலிவு.

குறை என்று சொல்ல இன்னும் இரண்டு உண்டு. மெருகு மிக மெல்லியது என்பதால் சட்டைப் பொத்தான் பட்டாலே கோடு விழுகிறது. கழுத்தின் நுனியில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் நட்டில் மூன்றாம் கம்பியின் பள்ளம் இறுக்கமாக இருந்து சுருதி சேர்க்கும்போதெல்லாம் டிக்கென்று தாவியது. மறுபடி கோயம்புத்தூர் வரை இறங்கித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது, கூலி வாங்கவில்லை என்றாலும் ஒரு நாள் போனது.

பெட்டியோடு சேர்த்து 92,000 ரூபாய் ஆயிற்று. அந்த விலைக்குப் பெயர் பெற்ற தொழிற்சாலைக் கிட்டாரே வாங்கலாம், விற்றாலும் அதற்குத்தான் விலை கிடைக்கும். குரலோடு சேர்த்து வாசிப்பவராகவும் மலையில் வாழ்பவராகவும் இருந்தால் இதை வாங்குங்கள். வேகமாகத் தனிமெட்டு வாசிப்பவர்கள் முதலில் ஒருமுறை போய் வாசித்துப் பார்ப்பது நல்லது. அந்த ஒரே மரத்தின் பலகை இன்னும் ஆறேழு கிட்டார்களுக்கு இருக்கிறதாம். தோட்டத்தில் அடிமரத்தைச் சுற்றி வேரிலிருந்து மறுபடியும் தளிர்த்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.