ஃபயர் டிவி ஸ்டிக், சியோமி ஸ்டிக், ஆப்பிள் டிவி: எந்த வீட்டுக்கு எது?

ஸ்மார்ட் வசதி இல்லாத தொலைக்காட்சியை இணையத்தோடு இணைக்க ஃபயர் டிவி ஸ்டிக், சியோமி டிவி ஸ்டிக் 4கே, ஆப்பிள் டிவி 4கே ஆகியவற்றுள் எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். தொலைக்காட்சியின் பின்புறத்தையும் வீட்டு இணைய இணைப்பையும் முதலில் பார்த்துவிட்டால், இவற்றில் ஒன்றோ இரண்டோ தாமாகவே விலகிவிடும்.

மூன்றுக்கும் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ போர்ட் (படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் துளை) கட்டாயம். தமிழக அரசு 2006 முதல் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி போன்ற படக்குழாய்ப் பெட்டிகளில் அது கிடையாது. எச்டிஎம்ஐ சமிக்ஞையைப் பழைய பெட்டிகளின் ஏவி இணைப்புக்கு ஏற்ப மாற்றும் சிறு கருவி கடைகளில் கிடைத்தாலும், நகல் தடுப்பின் காரணமாகச் சில செயலிகளில் படம் வராமல் போகக்கூடும் என்பதால் அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். 4கே தரம் வேண்டுமானால் போர்ட் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்பதாகவும் இருக்க வேண்டும். சில தொலைக்காட்சிகளில் பல போர்ட்டுகளுள் ஒன்றுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. ஃபயர் டிவி ஸ்டிக்கின் அடிப்படை வகை 1080பி (முழு எச்டி) வரையே தருவதால், அதை வாங்குவோருக்கு இந்தக் கவலை இல்லை.

மின்சாரத்தில் இவை வேறுபடுகின்றன. ஸ்டிக்குகளுக்குத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி போர்ட்டே போதும் என்று நினைப்பவர் பலர். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் அரை ஆம்பியரையே உறுதியாகத் தரும். ஃபயர் ஸ்டிக்கின் அடாப்டர் தருவதோ 1 ஆம்பியர். மின்சாரம் குறைந்தால் கருவி இடையிடையே தானே அணைந்து எழும் என்பதால், அருகில் ஒரு பிளக் பாயின்ட்டை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஆப்பிள் டிவியில் அடாப்டர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் 2022-இல் 14,900 ரூபாய் தொடக்க விலையில் வந்த அந்தக் கருவியோடு எச்டிஎம்ஐ கேபிள் வருவதில்லை என்பது சற்றுக் கஞ்சத்தனமே.

இணையம்தான் பலர் சறுக்கும் இடம். நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்கு வினாடிக்கு 5 மெகாபிட்டும், 4கே-க்கு 15 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. 15 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி செலவாகும். 5 மெகாபிட் என்றாலும் 2 ஜிபியைத் தாண்டிவிடும். நாளுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தின் ஹாட்ஸ்பாட்டை நம்பி இவற்றை வாங்குபவர் பாதிப் படத்தில் நிற்க நேரும் என்பதால், பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் மூன்றுமே வீண் செலவுதான். ரவுட்டர் அடுத்த அறையில் இருந்து வைஃபை தடுமாறினால், ஆப்பிள் டிவியின் 128 ஜிபி வகையில் ஈதர்நெட் கேபிளை நேரடியாகச் செருகலாம். ஃபயர் ஸ்டிக்குக்கு அதற்கான அடாப்டரைத் தனியே வாங்க வேண்டும்.

கணக்கு விஷயம் எளியது. ஃபயர் ஸ்டிக்குக்கு அமேசான் கணக்கு வேண்டும், பிரைம் சந்தா கட்டாயமில்லை. சியோமிக்கு ஆண்ட்ராய்டு கைபேசியில் ஏற்கெனவே உள்ள கூகுள் கணக்கே போதும். கைபேசித் திரையிலிருந்து காணொளியை நேரடியாக அனுப்பவும் முடியும். அதே வசதியை ஆப்பிள் டிவி, ஆப்பிள் கருவிகளுக்கான ஏர்பிளே வழியாகத் தருவதால், ஐபோனோ ஐபேடோ இல்லாத வீட்டினர் அதற்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை.