துப்பாக்கி இல்லாத முஸ்டாங்: பயிற்சிக்கு டிஎஃப்-51டி

டிசிஎஸ் வேர்ல்டு என்ற கம்ப்யூட்டர் போர்விமான சிமுலேட்டரில் இலவசமாகக் கிடைக்கும் விமானங்கள் இரண்டு. எஸ்யூ-25டி தரைத்தாக்குதலுக்கானது, கனமானது. டாக்ஃபைட், அதாவது விமானத்தை விமானம் துரத்தும் வான்சண்டை பழக, முஸ்டாங் போர்விமானத்தின் பயிற்சி வடிவமான டிஎஃப்-51டியே சரி. சுட ஆயுதம் கிடையாது, அதனால் குறி பழகாது. ஆனால் குறி பிறகு வரும், முதலில் விமானம் கைக்கு வரட்டும்.

டேக்-ஆஃப்தான் பெரிய பாடம். ரடர் (மூக்கை இட வலமாகத் திருப்பும் வால்பலகை) டிரிம்மை வலப்பக்கம் 6 டிகிரி வையுங்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் வால்சக்கரம் லாக் ஆகும். த்ராட்டிலை மெதுவாக ஏற்றி, 3000 ஆர்பிஎம்மில் மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 61 அங்குலம் வரை போகலாம். சட்டென்று தள்ளினால் டார்க் (இன்ஜினின் முறுக்குவிசை) இடப்பக்கம் இழுத்து, இறக்கை தரையில் உரசும். செட்டிங்ஸில் டேக்-ஆஃப் அசிஸ்டன்ஸ் 0, ஆட்டோ ரடர் ஆஃப். இல்லையென்றால் விமானத்தை ஓட்டுவது நீங்களல்ல, கம்ப்யூட்டர்.

அடுத்து, நண்பர் ஒருவரை ஆன்லைனில் கூப்பிட்டு, அவர் வாலைவிட்டு விலகாமல் பறந்து பாருங்கள். அவர் வளையும்போது மூக்கை அவருக்குப் பின்னால் வைத்தால் முந்திப்போக மாட்டீர்கள். வேகம் மிஞ்சினால் மேலே ஏறி உயரமாக மாற்றுங்கள். த்ராட்டிலைக் குறைப்பது வீண்செலவு.

ரடரை இயக்கும் கால் பெடல் இல்லையா? பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஜாய்ஸ்டிக் வாங்கும்போது கைப்பிடி முறுக்கித் திரும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கீபோர்டில் மட்டும் இதைத் தொடாதீர்கள்.