இரண்டு 3090-க்கு ஒரே பவர் சப்ளை: கோர்சேர் ஹெச்எக்ஸ்1200

இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போடுகிறவர்கள் பலர், பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்து பவர் சப்ளை வாங்குகிறார்கள். யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட் வரிசையைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஹெச்எக்ஸ்1200-இல் அந்த வரிசை 100 ஆம்பியர் என்கிறது, அதாவது 12 × 100 = 1200 வாட். கார்டுகளும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது அந்த லைனிலிருந்துதான் என்பதால், தேவைப்பட்டால் மொத்த 1200 வாட்டும் அவற்றுக்கே கிடைக்கும். நான் இதை எடுத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

என்னுடையது என்விலிங்க் (இரண்டு கார்டுகளை நேரடியாக இணைக்கும் பாலம்) மூலம் இணைத்த இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு, கூடவே ரைசன் 9 5900எக்ஸ் பிராசஸர். கார்டுக்கு 350 வாட் வீதம் 700. பிராசஸர் முழு வேகத்தில் 142 வாட் வரை போகும். மதர்போர்டு, மெமரி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்தால் 900-ஐ ஒட்டி வரும். இந்தக் கணக்குக்கு 1000 வாட் தாராளம் என்று தோன்றும். ஆனால் முன்பிருந்த வேறு கம்பெனியின் 1000 வாட் யூனிட், கேமின் மெனுவில் ஒழுங்காக ஓடும். பெரிய சண்டைக் காட்சி வந்ததும் பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். நீலத் திரை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. பின்பக்க சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஆன் ஆகும்.

விஷயம் என்னவென்றால், அந்த 350 வாட் ஒரு சராசரிதான். 3090 மில்லிவினாடிக் கணக்கில் அதை வெகுவாகத் தாண்டி எகிறும். இரண்டு கார்டும் ஒரே சமயத்தில் எகிறினால், பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். 2022-இல் பவர் சப்ளைகளுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள் இந்த எகிறலைக் கணக்கில் எடுத்தவை; தன் அளவைப்போல இருமடங்கு சுமையை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்கின்றன. என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய மாடல். அதனால் கணக்குக்கு மேல் 300 வாட் கையிருப்பு எனக்கு ஆடம்பரமாகப் படவில்லை, அவசியம்தான். இதை மாட்டிய பிறகு அந்தத் திடீர் அணைதல் அறவே நின்றுவிட்டது.

இதில் 12 வோல்ட் லைனை ஒரே ரெய்லாகவோ (பிரிக்காத ஒரே தொகுதி) பல ரெய்ல்களாகவோ வைத்துக்கொள்ள ஒரு சுவிட்ச் உண்டு. இரட்டைக் கார்டுக்கு ஒரே ரெய்ல்தான் சரி. பிரித்து வைத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்பியர் வரம்பு வந்துவிடும், எகிறும் கார்டு அதில் முட்டிக்கொள்ளும்.

அடுத்து கேபிள். ஒரே கேபிளின் முனையில் இரண்டு 8 பின் இணைப்பு இருக்கும். பார்த்தால் வேலை மிச்சம் என்று ஆசை வரும். வேண்டாம். ஒரு 8 பின் இணைப்புக்கு 150 வாட் என்பது கணக்கு; இரண்டையும் செருகினால் ஒரே கேபிள் 300 வாட் சுமக்க வேண்டி வரும். என் கார்டுகளில் ஆளுக்கு இரண்டு இணைப்பு, ஆகவே நான்கு தனித்தனி கேபிள்களை இழுத்திருக்கிறேன். நீண்ட நேரம் விளையாடிய பிறகு விரலால் தொட்டுப் பார்த்தால் இணைப்புகளில் இளஞ்சூடு மட்டுமே. அப்புறம், பழைய யூனிட்டின் மாடுலர் கேபிளை (யூனிட்டிலிருந்து கழற்றி மாட்டக்கூடியது) இதில் சொருகவே சொருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம், எஸ்எஸ்டி ஒரு நொடியில் போய்விடும்.

முழுச் சுமையில் 12 வோல்ட் லைனை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். விதிப்படி 11.4 முதல் 12.6 வோல்ட் வரை போகலாம். இங்கே புள்ளிக்குப் பின் இரண்டாவது எண் மட்டும்தான் அசைந்தது. குறைந்த சுமையில் ஃபேன் நின்றே இருக்கும். கேம் ஓடும்போது சுற்றும், ஆனால் கார்டுகளின் இரைச்சலில் அது காதில் விழாது.

மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் பிளாட்டினம் தரம் என்றாலும், உள்ளே 900 வாட் செலவானால் சுவர் பிளக்கிலிருந்து ஏறக்குறைய 1000 வாட் போகும். யுபிஎஸ் வைத்திருந்தால் அது இந்தச் சுமையைத் தாங்குமா என்று பாருங்கள். ஒரே கார்டுதான் என்றால் இந்த யூனிட் தேவையே இல்லை, நல்ல 850 வாட் போதும்.

நீளம் 200 மில்லிமீட்டர். கேபினெட்டை அளக்காமல் வாங்க வேண்டாம். என்னுடையதில் ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றிய பிறகுதான் கேபிள்கள் நெருக்கி மடங்காமல் உள்ளே போயின.