மூன்று கோடை தாண்டிய தெர்மல் பேஸ்ட்

வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்குக்கூட சுவரில் கை வைக்க முடியாது. அங்கே உட்கார்ந்துதான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். சிஸ்டத்தில் இருப்பது ரைசன் 5 3600 பிராசஸர், அதைக் குளிர்விக்க அதன் பெட்டியோடு வந்த கூலர். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவுவதுதான் தெர்மல் பேஸ்ட்.

2022 கோடையில் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, கடையில் கொடுத்த ஒரு சின்ன பாக்கெட் வெள்ளை பேஸ்ட்டைத் தடவினேன். சில மாதம் நன்றாகவே ஓடியது. அடுத்த ஏப்ரலில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் பிராசஸர் சூடு 94 டிகிரி. அந்த பிராசஸருக்கு 95தான் எல்லை. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாற்பது நிமிட வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

பேஸ்ட்டை மாற்றக் கூலரை நேராகத் தூக்கினேன். இறுகிப்போன பேஸ்ட், பிராசஸரையும் அது உட்காரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4 என்ற இந்த வகை சாக்கெட்டின் பூட்டு பிராசஸரின் பின்களை மட்டும்தான் பிடிக்கும், மேலே அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. ஓரத்தில் இரண்டு பின்கள் சாய்ந்திருந்தன. மெக்கானிக்கல் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழல் முனையைப் பின்னில் செருகி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். பேஸ்ட்டோ நெற்றியில் காய்ந்த சந்தனம் மாதிரி வெடித்து, நகம் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. தயவுசெய்து கழற்றும் முன் பத்து நிமிடம் கனமான வேலை ஏதாவது ஓடவிடுங்கள். அப்புறம் அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

சரி, அடுத்து எதை வாங்குவது? வெப்பக் கடத்தல் எண் பெரிதாகப் போட்டிருந்ததை நான் எடுக்கவில்லை. சூடேறி ஆறும்போதெல்லாம் உலோகம் விரிந்து சுருங்கி, பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளும். நம் ஊர் சூட்டுக்கு இடம்விட்டு நகராத, சீக்கிரம் காயாத பேஸ்ட்தான் வேண்டும் என்று ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 வாங்கினேன். பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடவும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கமே போகவில்லை. அதிலுள்ள கேலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும். என் கூலரின் அடிப்பாகம் அலுமினியம். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால், ஒரு துளி சிந்தினாலும் மதர்போர்டுக்கு ஆபத்து.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் இரண்டு பக்கமும் துடைத்தேன். பனியன் துணி வேண்டாம், பஞ்சு ஒட்டும். இந்த பிராசஸரில் கணக்கு வேலை செய்யும் கோர்கள் இருக்கும் சிப் நட்ட நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதனால் நடுவில் பட்டாணி அளவும், நான்கு மூலைக்கும் கடுகு அளவும் வைத்தேன். ஸ்குருவை ஒரேயடியாக முடுக்காமல், எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்று.

அதே அறை, அதே மாதிரி ரெண்டர்: 94 டிகிரி 81 ஆனது. 2024 மே மாதம் 82, 2025 மே மாதம் 84. இடையில் செய்ததெல்லாம் ஃபேனில் தூசி தட்டியது மட்டுமே. போன ஜூனில் திறந்து பார்த்தேன். ஓரம் மட்டும் காய்ந்திருந்தது. நடுவில் விரல் வைத்தால் இன்னும் மை போல ஒட்டியது.