15.6 அங்குலத்திலிருந்து 14 அங்குலத்துக்கு: மெய்ப்புப் பணியில் மூன்றாண்டு அனுபவம்

என் பழைய மடிக்கணினியைத் தெருமுனை மளிகைக் கடையின் மின்தராசில் வைத்துப் பார்த்தபோது 2 கிலோ 180 கிராம் காட்டியது. சார்ஜரையும் மேலே வைத்ததும் 2 கிலோ 700 கிராமைத் தாண்டியது. அந்தச் சுமையோடுதான் ஐந்து ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள், செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போய் வந்தேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும், அதாவது அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்துவதும், என் தொழில். 2022இல் 14 அங்குல மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அதன் எடை 1 கிலோ 420 கிராம். சார்ஜரோடு 1 கிலோ 700 கிராம். வாங்கிய மாதமே எழுதியிருந்தால், ஒரு கிலோ குறைந்துவிட்ட மகிழ்ச்சியை மட்டும் எழுதியிருப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பிறகு சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் அங்குலக் கணக்கு. கடையில் சொல்லும் அளவு திரையின் மூலைவிட்டம். அதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறிவிடும், ஏனென்றால் திரையின் வடிவமே மாறிவிட்டது. என் பழைய 15.6 அங்குலத் திரை 16க்கு 9 விகிதம்: அகலம் 345 மில்லிமீட்டர், உயரம் 194. புதிய 14 அங்குலத் திரை 16க்கு 10 விகிதம்: அகலம் 301, உயரம் 188. உயரத்தில் நான் இழந்தது 6 மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறவருக்கு இரண்டு திரைக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அகலத்தில்தான் 44 மில்லிமீட்டர் போய்விட்டது. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு என்று திரையைப் பாதியாகப் பிரித்து வேலை செய்கிற எனக்கு அந்த 44 மில்லிமீட்டர் உடனே வலித்தது.

தமிழுக்கு இது கூடுதலாக வலிக்கும். நம் சொற்கள் நீளமானவை. ‘செய்துகொண்டிருக்கவேண்டியிருந்தது’ என்று ஒரே சொல்லாக எழுதும் ஆசிரியர் இருக்கிறார். அவர் சொல் குறுகிய பத்தியில் அடங்காமல் அடுத்த வரிக்குத் தாவும், முந்தைய வரியில் பாதி வெறுமையாகக் கிடக்கும். ஒரு பக்கத்துக்குள் பார்த்துவிடக்கூடிய பகுதி ஒன்றரைப் பக்கமாக நீளும். கண் தாவுகிற தடவைகள் கூடும். ஆங்கில மூலத்தில் நாலு வரியாக இருக்கும் பத்தி தமிழில் ஏழு வரியாகிவிட்டால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் படிக்கவே முடியாது.

அடுத்தது, வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. இரண்டு திரைகளிலும் கிடைமட்டமாக 1920 புள்ளிகள் (பிக்சல்கள்) மட்டும்தான். அதே எண்ணிக்கையைச் சிறிய பரப்பில் அடக்கியதால் அங்குலத்துக்கு 141 புள்ளிகளாக இருந்தது 162 ஆனது. எழுத்து கூர்மையானது, ஆனால் சிறுத்துப்போனது. திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு ஒன்று கணினியில் உண்டு. பழைய கணினியில் வைத்திருந்த 125 சதவீதப் பெரிதாக்கத்தையே புதியதிலும் வைத்தேன். எல்லா எழுத்தும் எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. முதல் இரண்டு மாதங்கள் மாலையானால் நெற்றி கனத்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அந்த இரண்டு மாதங்களில்தான் ஒரு கட்டுரைத் தொகுப்பில் ‘கெடு விதித்தார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கேடு விதித்தார்’ என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகு நூலாசிரியர் சுட்டிக்காட்டினார். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே இருப்பது ஒரு சின்ன மேல்சுழி மட்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் கண்ணுக்குப் பிரித்துக்காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்த சுழி அது. அவ்வளவு காலம் நமக்கு உதவிய ஒன்று என் திரையில் ஒரு மங்கலான புள்ளியளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. அந்தப் பிழை இன்றும் என்னை உறுத்துகிறது. ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்களின் மதிப்புரைகளைப் படித்துத் திரையைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. ஒற்றின் புள்ளி, கொம்பின் சுழி, ‘கி’க்கும் ‘கீ’க்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றை நாள் முழுதும் தேடுகிற கண்ணுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

பெரிதாக்கத்தை 150 சதவீதத்துக்கு உயர்த்தியதும் எழுத்து பழைய கணினியில் இருந்ததைவிடச் சற்றே பெரிதானது, தலைவலி நின்றது. ஆனால் அதற்கு விலை உண்டு. 1920 புள்ளிகளைப் பெரிதாக்க அளவால் வகுத்தால் வேலை செய்யக் கிடைக்கும் அகலம் தெரியும். பழைய திரையில் (1920ஐ 1.25ஆல் வகுத்தால்) 1536 அலகு அகலத்தில் வேலை செய்துகொண்டிருந்த நான், இப்போது (1.5ஆல் வகுத்தால்) 1280இல் வேலை செய்கிறேன். ஆறில் ஒரு பங்கு இடம் போயே போய்விட்டது. 14 அங்குலம் வாங்க நினைக்கிறவர்கள் அடிக்கோலால் அளந்து பார்ப்பதோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே 14 அங்குலத்தில் 2880க்கு 1800 புள்ளிகள் கொண்ட திரைகளும் கிடைக்கின்றன. அங்குலத்துக்கு 240 புள்ளிகளுக்கு மேல். அலுவலகத்தில் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் அப்படிப்பட்டது இருக்கிறது. அதில் எழுத்தைச் சிறிதாக வைத்தாலும் மேல்சுழி சுழியாகவே தெரிகிறது. மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்பது அவருடைய ஒரே குறை. அன்று சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த வேண்டும் என்று அதைத் தவிர்த்தேன். தமிழ் படிக்கிறவர்களுக்கு ஓர் அங்குலம் கூடுதல் திரையைவிட இந்த நெருக்கம் முக்கியம் என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை. மறுபுறம், 15.6 அங்குலத்தில் 1366க்கு 768 புள்ளிகள் மட்டுமே கொண்ட மலிவான கணினிகளைப் பழைய கணினிக் கடைகளில் இன்னமும் பார்க்கலாம். அங்குலத்துக்கு 100 புள்ளிதான். திரை பெரிதாக இருக்கிறதே என்று மெய்ப்புப் பணிக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் என் சிக்கலைத் தீர்த்தது மடிக்கணினியோடு இணைக்கும் தனித்திரை (மானிட்டர்). 27 அங்குலம், 3840க்கு 2160. அங்குலத்துக்கு 163 புள்ளிகள். அதாவது மடிக்கணினியின் நெருக்கமும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் ஒரே பெரிதாக்கம் வைத்திருப்பதால் ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே இழுத்தால் எழுத்தின் அளவு மாறுவதில்லை. ஒரே டைப்-சி கம்பி படத்தையும் மின்சாரத்தையும் கொண்டுபோகிறது. ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து அந்தக் கம்பியைச் செருகியதும் மூலம், மொழிபெயர்ப்பு, அகராதி மூன்றும் எதிரே விரிந்துவிடும். ஆனால் அந்தத் திரைக்குக் கொடுத்த பணம் மடிக்கணினி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சிறிய கணினியின் விலையைப் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்தே பேச வேண்டும்.

விசைப்பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய கணினியின் வலப்பக்கத்தில் எண்களுக்கென்று தனி விசைகள் இருந்ததால் எழுத்து விசைகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. கை இடப்பக்கம், பார்வை திரையின் நடுவில். நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும், இரண்டு கையும் ஓயாமல் மாறி மாறி வேலை செய்யும். மணிக்கணக்கில் அப்படித் தட்டும்போது உடம்பு லேசாகத் திரும்பியே இருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. 14 அங்குலத்தில் எண் விசைகள் கிடையாது. கையும் திரையும் நேராகிவிட்டன. இந்த மாற்றத்துக்காக மட்டுமே நான் திரும்பவும் சிறியதை வாங்குவேன். கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதும் என் தம்பியோ எண் விசைகள் இல்லாத கணினியைத் தொடவே மாட்டான். அவன் வேலைக்கு அது சரி.

ரயிலைப் பொறுத்தவரை சிறியதற்கு ஈடே இல்லை. மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர் உட்காரும் மாலை வண்டியில் பழையதைப் பையிலிருந்து எடுத்ததே இல்லை. புதியதை மடியில் வைத்து, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, தாம்பரத்துக்குள் நாலு பக்கம் மெய்ப்புப் பார்த்துவிட முடிகிறது.

குறைகளும் இருக்கின்றன. பழையதில் நினைவகம் (ரேம்) போதாமல் போனபோது, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பின்மூடியைக் கழற்றி இன்னொரு 8 ஜிபி செருகிக்கொண்டு வந்தேன். புதியதில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது. நல்லவேளையாக முதலிலேயே 16 ஜிபி வாங்கினேன். மெல்லிய கணினிகள் பலவும் இப்படித்தான் வருகின்றன, கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கத்திரி வெயிலில் பெரிய பிடிஎஃப் ஒன்றை மாற்றக் கொடுத்தால் விசிறி இரைகிறது, வேகமும் சற்றுக் குறைகிறது. மின்கலம் முதலாண்டில் எட்டு மணி நேரம் தந்தது, இப்போது ஐந்தரை.

எல்லாரும் சிறியதே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் அக்கா மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கட்டடப் பொறியியல் படிக்கிறாள். என்னிடம் கேட்டபோது 14 அங்குலம்தான் என்று அடித்துச் சொன்னேன். அவள் 16 அங்குலம் வாங்கினாள். 16க்கு 10 விகிதத்தில் அது 345 மில்லிமீட்டர் அகலம், 215 உயரம். என் பழைய திரையின் அதே அகலம், உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். விடுதி மேசையில் தனித்திரை வைக்க இடமில்லை, கணினி மேசையைவிட்டு நகர்வதும் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மட்டுமே. கட்டட வரைபடத்தை முழுதாக விரித்து வைத்து அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். அவள் முடிவுதான் சரி.

தவிர, பெரியது என்றால் கனம் என்ற கணக்கும் மாறிவருகிறது. 2023 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட 15 அங்குல மேக்புக் ஏர் 1.51 கிலோ, அதற்கு முந்தைய ஆண்டு வந்த 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. இரண்டு திரையும் அங்குலத்துக்கு 224 புள்ளிகள். 15 அங்குலக் கணினி, என் 14 அங்குலத்தைவிட 90 கிராம்தான் கூடுதல்! விலை கட்டுப்படியாகிறவர்கள் தோள்வலியை மட்டும் காரணமாகச் சொல்லிப் பெரியதை ஒதுக்க வேண்டியதில்லை. ரயில் இருக்கையில் அதன் 34 சென்டிமீட்டர் அகலம் முழங்கையை இடிக்குமா என்பதே மிச்சமுள்ள கேள்வி.

கடைக்குப் போகிறவர்கள் ஒரு தமிழ் பிடிஎஃப் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் வண்ணப் படங்களை மூடச் சொல்லி அதைத் திறந்து, வழக்கமாக உட்காரும் தொலைவில் நின்று, திரையைப் பாதியாகப் பிரித்துப் படித்துப் பாருங்கள். ‘கெ’வும் ‘கே’வும் தேடாமலே தெரிய வேண்டும்.

அம்மா வீடு திருநெல்வேலியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அங்கே போய்ப் பத்து நாள் தங்கி வேலை செய்வேன். தனித்திரை இல்லாத அந்த நாட்களில்தான் 14 அங்குலம் என்னை உண்மையாகவே வருத்தியது. முதலில் மூலத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். 200 பக்கத்தை இருபுறமும் அச்சிட்டால் அரைக் கிலோ. பிறகு, பழைய 15.6 அங்குலத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு மூலையைப் பிடித்தே திறந்து திறந்து அதன் கீல் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்து, கடைசி முறையாகத் தோளில் சுமந்து கொண்டுபோய், அம்மா வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது மூலம் அதில் திறந்திருக்கும், மொழிபெயர்ப்பு பக்கத்தில் 14 அங்குலத்தில். நான் ஊரில் இல்லாத நாட்களில் அம்மா அதில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து நாளிதழ் படிக்கிறார்.