குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன அப்பா பீடியை விட்டுவிட்டு வந்தார்

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். அப்பாவைச் சோதித்த மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்டதே "ஒரு நாளைக்கு எத்தனை கட்டு?" என்றுதான். ரெண்டு என்றார் அப்பா. பீடி குடிப்பவர்களுக்கு ஆபரேஷன் முடிந்ததும் சளி கட்டும், இருமினால் தையல் இழுக்கும், புண் ஆறவும் நாளாகும் என்று சொல்லி, புகையிலை நிறுத்தும் ஆலோசனை அறைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாங்கள் போகவில்லை.

மறுநாள் அவர்களே கட்டிலுக்கு வந்துவிட்டார்கள். இந்தச் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் மூணாவது மாடியில் இருக்கிற அறைக்கு அப்பா ஜென்மத்துக்கும் ஏறியிருக்க மாட்டார்.

ஆலோசனை சொல்ல வந்த அம்மாவிடம் அப்பா "மூணு நாளா தொடலம்மா" என்றார். அந்தம்மா செல்போன் அளவில் ஒரு கருவியை நீட்டி, 15 விநாடி மூச்சடக்கி ஊதச் சொன்னார். 17 காட்டியது. மூச்சில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு அளவு அது. பீடியை நிறுத்தி ஒரு நாள் ஆனாலே கீழே இறங்கிவிடுமாம். அப்பா பாத்ரூம் பக்கம் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அந்தம்மா திட்டவே இல்லை. "எழுந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி, ஐயா?" என்று மட்டும் கேட்டார். டீக்கு முன்னாடியே. அரை மணி நேரத்துக்குள் என்றால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம், அதற்கு மேல் தாங்குவார்கள் என்றால் 2, அதுதான் கணக்கு.

இந்தச் சூயிங்கத்தைச் சும்மா மெல்லக் கூடாது. காரம் ஏறியதும் வெற்றிலையை அதக்குகிற மாதிரி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட்டு, காரம் தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும், இப்படியே அரை மணி நேரம். டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து ஏறாது. அப்பா முதல் நாள் சின்னப் பையன் மாதிரி சவைத்து எச்சிலை விழுங்கி, ராத்திரி முழுக்க விக்கல். வார்டே தூங்கவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். 4 மில்லிகிராம் அவர்கள் மருந்தகத்தில் இல்லை. வெளியே மூணு கடை ஏறி இறங்கினேன், விலையும் பீடியை விட அதிகம். டிஸ்சார்ஜ் சீட்டில் "புகை பிடிக்கக் கூடாது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் கூப்பிடுவோம் என்றவர்கள் கூப்பிடவே இல்லை. ஆஸ்பத்திரியில் பீடி இல்லாமல் இருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் நிஜப் பரீட்சை, அந்த நேரம் பார்த்து ஆள் இல்லை. கடைசியில் பீடிக் கட்டின் மேலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு நானே போட்டேன். தமிழிலேயே பேசினார்கள்.

இன்றோடு 53 நாள். நடுவில் ஒரு சாவு வீட்டில் ரெண்டு பீடி குடித்ததை அவரே வந்து சொன்னார். தையல் பிரிக்கப் போனபோது மூணாவது மாடிக்கும் ஏறி ஊதினார், 4 வந்தது. சட்டைப் பையில் தீப்பெட்டி மட்டும் இன்னும் இருக்கிறது, சாமி விளக்கு ஏற்றவாம்.